வெறுங்கையோடு வந்தவர்: ‘சோலாரிஸ்’ படமும் ஒரு செட்டிநாட்டு வீட்டின் நினைவும்

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில், மறைந்த பெரியவர் ஒருவரின் குரலைக் கணினியில் உருவாக்கி, அதனோடு அவருடைய மனைவியைப் பேரன் பேசவைத்தான். சில வாரங்களில், நடக்கவே நடக்காத ஒரு நிகழ்ச்சி அந்த மூதாட்டியின் மனத்தில் நடந்ததாகவே பதிந்துபோயிற்று. அது எப்படிப் பதிந்தது, குடும்பத்தார் அதை எவ்வாறு கண்டுகொண்டார்கள், கண்டுகொண்ட பின் என்ன செய்தார்கள் என்பதே இந்த ஆய்வின் பொருள். அதைக் கண்டுகொள்ள அவர்களுக்கு வழிகாட்டியது 1972இல் வெளிவந்த ஒரு சோவியத் திரைப்படம் என்பதால், படத்தையும் நிகழ்வையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

வீடும் பெரியவரும்

பெரியவர் இளவயதிலேயே இரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். 1930களின் விலைவீழ்ச்சியில் கடன்கள் திரும்பாமல் போக, ஈடாக வந்த வகையில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கைக்கு வந்து சேர்ந்தது. பர்மா விடுதலை பெற்ற பின் அந்த நிலங்கள் கைவிட்டுப் போயின. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்ததும், 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமை ஆயின. அந்தக் கடைசிக் கட்டத்தில் கப்பலேறி ஊர் திரும்பியவர்களில் இவரும் ஒருவர். கணவன்மார் தவணைக் கணக்கில் கடல் தாண்டிப் போய்வர, வீட்டையும் பிள்ளைகளையும் கொடுக்கல் வாங்கலையும் ஊரில் இருந்தபடியே நடத்திய தலைமுறையைச் சேர்ந்தவர் அவருடைய மனைவி. ஆகவே 1964ஆம் ஆண்டைப் பற்றி அந்த வீட்டில் இரண்டு நினைவுகள் இருந்தன. ஒன்று கப்பலில் வந்தவருடையது; மற்றொன்று முகப்பில் காத்திருந்தவருடையது.

பிற்காலத்தில் மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, கடிதம் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு ஒலிநாடாவில் பேசி அனுப்புவது பெரியவரின் வழக்கமாயிற்று. மகன் திரும்பி வரும்போது அந்த நாடாக்களையும் கொண்டுவந்து வளவை, அதாவது திறந்த நடுமுற்றத்தை, ஒட்டிய அறைப் பெட்டகத்தில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருந்தார். பெரியவர் காலமான பிறகு, சென்னையில் கணினித் துறையில் பணிபுரியும் பேரன் அவற்றை எண்ணிமப் பதிவாக மாற்றினான். அதுவரை செய்தது அருமையான வேலை. நாடாக்களில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்ததால், இன்னும் சில ஆண்டுகள் விட்டிருந்தால் அந்தக் குரலே மிஞ்சியிருக்காது.

அடுத்த கட்டமாக அவன் இரண்டு செயலிகளை இணைத்தான். ஒன்று, குரலின் சாயலையும் இழுவையையும் கற்றுக்கொண்டு எந்த வாக்கியத்தையும் அந்தக் குரலில் ஒலிக்கச் செய்வது. மற்றொன்று, கேட்ட கேள்விக்கு விடையாக வாக்கியங்களை அமைத்துத் தருவது. இந்த இரண்டாவதற்கு அவன் நாடாப் பேச்சுகளை எழுத்தில் பெயர்த்துக் கொடுத்திருந்தான். இத்தகைய செயலி, முன்னே வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து வரத் தகுந்த சொல் எது என்று கணித்துக்கொண்டே போவது. கொடுத்த பேச்சில் விடை இருந்தால் அதை ஒட்டிச் சொல்லும். இல்லாவிட்டால், உலகத்து எழுத்துகளிலிருந்து பொதுவாகக் கற்றதை வைத்து, பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை அமைத்துவிடும். இரண்டும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு ஒலிக்கும்.

செப்பு வந்த கதை

பெரியவரின் மனைவியான ஆச்சிக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. நேற்று யார் வந்தார்கள் என்பது மறந்துபோகும். பழையவை திடமாக இருந்தன. முதல் சில நாட்கள் கைப்பேசியைப் பார்த்து, “சாப்பிட்டீகளா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு மாலையில் அவராகவே கேட்டார்: “கப்பல்ல வந்து எறங்குனப்ப எனக்கு என்ன கொண்டாந்தீக?”

செயலி சொன்ன விடை பேரனின் கணினியில் பதிவாகி இருக்கிறது. “ஒனக்குன்னு ஒரு அரக்குச் செப்பு வாங்கியாந்தேன். செவப்புச் செப்பு. மூடியில மயில் போட்டது.”

மறுநாள் ஆச்சி பெட்டகத்தைத் திறந்து அந்தச் செப்பை, அரக்குப் பூசிய அந்த மூடி போட்ட சிமிழை, தேடச் சொன்னார். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா அரக்குச் சாமான்களுக்குக் குறைவில்லை; அங்கும் சில இருந்தன; மயில் போட்டது மட்டும் இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வருந்தினார். சில வாரங்கள் கழித்து, பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணிடம் அவர் சொன்னது வேறொரு நிலைக்குப் போயிருந்தது. செப்பைத் திறந்தால் சந்தன வாசம் வரும் என்றும், கணவர் வந்த அன்றே முகப்பில் நின்றபடி அதைத் தம் கையில் கொடுத்தார் என்றும் சொன்னார். வாசத்தைச் செயலி சொல்லவில்லை. முகப்பையும் சொல்லவில்லை. அவற்றை ஆச்சியின் மனமே தன் சொந்த இருப்பிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறது. வீட்டில் இருந்தவர்கள் அப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர், மகிழ்ச்சியாக இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

படம் காட்டிய மாலை

காரைக்குடி வட்டாரத்தில் நண்பர்களுக்குப் படம் போட்டுக் காட்டிப் பேசுவது என் நெடுநாள் வழக்கம். பேரன் தன் முயற்சியைச் சொன்னபோது, ஆந்திரெய் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ படத்தை அவன் வீட்டிலேயே திரையிட்டால் என்ன என்று கேட்டேன். போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961இல் வெளியிட்ட நாவலை அடிப்படையாகக் கொண்டது. கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். அந்தக் குடும்பத்தில் ரஷ்ய மொழி எவருக்கும் தெரியாது என்பதால், வேண்டிய இடங்களில் நிறுத்தி நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆச்சியும் தொடக்கப் பகுதிக்கு உட்கார்ந்திருந்தார். குளத்தடியில் நீர்ப்பாசி அசைவதும், மேசையில் விட்டுவைத்த தேநீர்க் கோப்பைக்குள் மழை விழுவதும் அவருக்குப் பிடித்திருந்தன. விண்வெளி நிலையம் வந்ததும் படுக்கப் போய்விட்டார்.

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். சோலாரிஸ் என்னும் கோளை மூடியிருக்கும் கடல், சிந்திக்கும் ஆற்றல் உடையது. அதன் மேல் மிதக்கும் நிலையத்தில் உள்ளவர்கள் மனம் குழம்பிப் போயிருப்பதால், நிலைமையை ஆராய கெல்வின் என்னும் உளவியலாளர் அனுப்பப்படுகிறார். அங்கே அவர் தூங்கி எழும்போது, பத்தாண்டுகளுக்கு முன் அவரோடு சண்டையிட்டுத் தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹாரி அறையில் இருக்கிறாள். கடல் அவருடைய நினைவிலிருந்து அவளை உருவாக்கி அனுப்பியிருக்கிறது. அவளுக்குத் தன் பழைய வாழ்க்கை தெரியாது. ஒரு நிழற்படத்தைப் பார்த்து யார் இவள் என்று கேட்கிறாள். கண்ணாடியில் பார்த்த பிறகே அது தான்தான் என்று அறிகிறாள். கெல்வின் கண்ணை விட்டு மறைந்தால் அவளால் தாங்க முடிவதில்லை. சாத்திய உலோகக் கதவைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறாள்.

இரண்டு காட்சிகள் அன்றைய பேச்சைத் திருப்பின. முதலாவது, உடை. ஹாரியின் ஆடையைத் தளர்த்த முயலும்போது, முதுகுப்புறம் நாடா கோத்துக் கட்டியிருப்பது போன்ற தோற்றம் இருக்கிறது. ஆனால் அவிழ்க்க வழி இல்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நாடா இருந்தது என்பது கெல்வினின் நினைவில் இருந்தது. அது எப்படித் திறக்கும் என்பது இல்லை. இரண்டாவது, ஹாரியின் கையில் உள்ள ஊசித் தழும்பு. விஷ ஊசியைத் தானே குத்திக்கொண்டு இறந்த இடம் அது. ஆடையைத் திறக்கும் விதத்தை மறந்த அதே மனம், தழும்பை மறக்கவில்லை. கடலும் அதைத் தவறாமல் படைத்து அனுப்பியிருக்கிறது.

தழும்பைப் பற்றி நான் சொல்லி முடிக்கவும், பெரியவரின் மகள், அதாவது பேரனுக்கு அத்தை, தம் தந்தையை அப்பச்சி என்றும் தாயை ஆத்தா என்றும் குறிப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: “நம்ம அப்பச்சி பேச்சுல அந்தத் தழும்பே வரலியே. அப்பச்சி வெறுங்கையோட வந்தாகன்னுதானே ஆத்தா ஆயுசு பூராச் சொல்லுவாக. செப்பு எங்கேருந்து வந்துச்சு?”

படத்தை நிறுத்தினோம். பேரன் கணினியை எடுத்துப் பழைய நாடாக்களைத் தேடத் தொடங்கினான். எஞ்சிய பகுதியை வேறொரு நாளில்தான் பார்த்து முடித்தோம்.

நாடாவில் இருந்தது

மகனுக்குத் தொழிலில் இழப்பு வந்த ஒரு சமயத்தில், ஆறுதலாகப் பேசி அனுப்பிய நாடா அது. “கட்டுன வேட்டி, தோள்ல ஒரு துண்டு. அவ்வளவுதான்டா என்கிட்ட இருந்தது. நம்ம வீட்டு முகப்பு ஏறவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு,” என்று பெரியவர் தம் வாயால் சொல்கிறார். இந்த நாடா பேரனிடம் இருந்தது. அவன் அதைக் கேட்டும் இருக்கிறான். அப்பத்தா மனம் வருந்தக் கூடாது என்று எண்ணி, துயரமான நாடாக்களைச் செயலிக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவைத்திருக்கிறான். போதாததற்கு, எப்போதும் அன்பாகவும் மகிழ்ச்சியாகவும் பேச வேண்டும் என்றும் அதற்கு அறிவுறுத்தியிருக்கிறான்.

ஆகவே நிகழ்வின் காரணம் தெளிவாகிறது. துயரம் நீக்கப்பட்ட ஒரு பேச்சுத் தொகுப்பு, மகிழ்ச்சியாகப் பேசு என்ற ஆணை, இல்லாததை இட்டு நிரப்பும் செயலியின் இயல்பு ஆகிய மூன்றும் சேர்ந்து செப்பை உண்டாக்கின. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பேரனின் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எனினும் அந்தப் பாசம்தான் பெரியவரின் வாழ்க்கையிலேயே கனமான நாளை அவரிடமிருந்து எடுத்துவிட்டது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. சோலாரிஸின் கடல், மனிதன் எதை மறக்க முடியாமல் தவிக்கிறானோ அதைக் கொண்டுவந்து முன்னே நிறுத்துகிறது. நம் செயலி, அவன் எதைக் கேட்க விரும்புவான் என்று கணித்து அதைக் கொடுக்கிறது. இந்த இரண்டில் கடலே நேர்மையானது என்று நான் கருதுகிறேன்.

நினைவு எப்படி இடம் கொடுத்தது

திடமான பழைய நினைவு இவ்வளவு எளிதாக ஏமாறுமா என்று பெரியவரின் மகன் கேட்டார். உளவியலில் இதற்கு நெடிய ஆய்வு மரபு உண்டு. ஆங்கிலேய உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே, நினைவுகூர்வது என்பது வைத்த இடத்திலிருந்து ஒரு பொருளை எடுப்பது போன்ற செயலன்று என்றும், ஒவ்வொரு முறையும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது என்றும் எழுதினார். 1995இல் எலிசபெத் லாஃப்டசும் ஜாக்குலின் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வு நம் நிகழ்வுக்கு மிக நெருக்கமானது. 24 பேருக்கு அவர்களுடைய சிறுவயது நிகழ்ச்சிகள் என்று நான்கு குறிப்புகள் தரப்பட்டன. மூன்று, உறவினரிடம் கேட்டுப் பெற்ற உண்மைகள்; நான்காவது, கடைத்தொகுதியில் காணாமல்போய் அழுததாகப் புனைந்த கதை. ஏறத்தாழக் கால் பங்கினர் அந்தப் பொய்க் கதையையும், முழுமையாகவோ அரைகுறையாகவோ, நினைவிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே நம்பிக்கை ஊட்டியது உறவினர் சொன்னது என்ற எண்ணம். இங்கே ஊட்டியது கணவரின் குரலே.

மூளை அளவிலும் ஒரு விளக்கம் உண்டு. 2000ஆம் ஆண்டில் கரீம் நாடர் குழுவினர் எலிகளிடம் செய்த சோதனையில், உறுதியாகப் பதிந்துவிட்ட அச்ச நினைவுகூட, மீண்டும் கிளறப்படும்போது சிறிது நேரம் இளகிய நிலைக்கு வருகிறது என்றும், அப்போது புரத உற்பத்தியைத் தடுத்தால் நினைவு திரும்பப் பதியாமல் போகிறது என்றும் கண்டார்கள். எலியின் அச்சத்திலிருந்து ஆச்சியின் முகப்புக்கு ஒரே தாவலில் வந்துவிடக் கூடாது. ஆனாலும் கேள்வி கேட்டவர் ஆச்சிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்ட அந்தக் கணத்தில் கப்பலும் முகப்பும் அவர் மனத்தில் எழுந்திருக்கும். எழுந்த அந்த நேரத்தில்தான் செப்பு உள்ளே வந்திருக்கிறது.

படைப்பும் பதிலும்

பேரன் முன்வைத்த ஒரு வாதம் எளிதில் தள்ளத் தக்கதன்று. நம் வீடுகளில் படைப்பு நடக்கிறது. முன்னோருக்குப் புடவையும் வேட்டியும் வைத்து, இலை போட்டுப் படைத்து, அவர்களை வீட்டுக்கு அழைக்கிறோம். அதைச் செய்யலாம் என்றால் இதைச் செய்வதில் என்ன பிழை என்று கேட்டான். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரிந்துகொள்ள விரும்பினான். அத்தை சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “படைப்புல நாமதான்ப்பா பேசுவோம். அவுக பதில் சொல்ல மாட்டாக. சொல்லாததுனாலதான் என்ன நெனச்சாகளோன்னு நாம பயந்து நடந்துக்கிறோம்.”

திரைப்படம் இதே இடத்தைத் தன் வழியில் தொடுகிறது. நூலகக் காட்சியில், நீ மனுஷி அல்லள், வெறும் நகல் என்று நிலையத்து அறிவியலாளர் சார்த்தோரியஸ் ஹாரியின் முகத்துக்கு நேரே சொல்கிறார். அவளோ தான் மனுஷியாக ஆகிக்கொண்டிருப்பதாக அழுதுகொண்டே சொல்கிறாள். பிறகு திரவ உயிர்வளியைக் குடித்துச் சாக முயல்கிறாள். சாக முடியாமல் உயிர் திரும்புகிறது. கடைசியில் தன்னை அழித்துவிடும்படி கெல்வினுக்குத் தெரியாமல் மற்றவர்களிடம் கேட்டுக்கொள்கிறாள். கெல்வினின் நினைவில் இல்லாத ஒன்றை அவள் செய்கிறாள். கெல்வினுக்குப் பிடிக்காததைச் செய்கிறாள். நகல் என்ற நிலையிலிருந்து அவள் வெளியேறுவது அந்தப் புள்ளியில்தான். நத்தாலியா போந்தர்ச்சுக்கின் நடிப்பில் இந்த மாற்றம் படிப்படியாகத் தெரிகிறது; தொடக்கத்தில் வெறிச்சென்றிருந்த பார்வையில், புரூகலின் பனிக்கால வேட்டைக்காரர் ஓவியத்தை அவள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தனக்கென்று ஒரு துயரம் வந்துவிடுகிறது. நம் செயலிக்கு அந்த வழி கிடையாது. கேட்பவரை வருத்துவது நியாயம் என்று அது ஒருபோதும் முடிவு செய்யாது.

லெம் இந்தப் படத்தை ஏற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மனிதனால் அறிய முடியாத ஒன்றை எதிர்கொள்வதே அவர் நாவலின் மையம். தார்க்கோவ்ஸ்கி அதைக் குற்றவுணர்வின் கதையாக ஆக்கிவிட்டார் என்பது அவர் குறை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் தன் இழப்போடு உட்கார்ந்து பார்க்கும்போது, தார்க்கோவ்ஸ்கி எடுத்துக்கொண்ட பாதையே துணைக்கு வருகிறது.

படத்தின் முடிவில் ஒரு சிக்கல் நேர்ந்தது. கெல்வின் தந்தையின் வீட்டுக்குத் திரும்பி வந்து சன்னல் வழியே பார்க்கும்போது உள்ளே மழை பெய்கிறது. அந்த வீடு கடல் உருவாக்கிய தீவு என்பது அதன் பிறகே தெரிகிறது. வளவில் மழை இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வீட்டுக்குள் மழை என்பது வியப்பாகவே படவில்லை. கூரைக்குக் கீழே பெய்கிறது, தந்தையின் முதுகில் விழுகிறது, அவர் அதை உணரவே இல்லை என்று நான் எடுத்துச் சொன்ன பிறகே அது நகல் வீடு என்பதற்கான அடையாளம் அவர்களுக்குப் பிடிபட்டது.

திருத்துவதா, விடுவதா

ஆச்சியிடம் உண்மையைச் சொல்வதா என்பதில் குடும்பம் பிரிந்து நின்றது. இந்த வயதில் கிடைத்த மகிழ்ச்சியை ஏன் பறிக்க வேண்டும் என்றார் மகன். அது அவருடைய மகிழ்ச்சியே அல்ல, நாம் ஏற்றிவைத்தது என்றார் மகள். யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம், அந்த நாடாவை மட்டும் போட்டுக் காட்டலாம் என்பது என் கருத்து. கடைசியில் அப்படியே செய்தார்கள்.

ஆச்சி முழுவதையும் கேட்டார். செப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “ஆமா, உள்ள வரமாட்டேன்னு முகப்புலயே நின்னாக. நாந்தான் செம்புல தண்ணி கொண்டாந்து, மொதல்ல காலக் கழுவுங்கன்னேன். அப்பத்தான் அழுதாக,” என்றார். செம்பும் அழுகையும் எந்த நாடாவிலும் இல்லை. பெரியவர் தம் மகனிடம் சொல்லாமல் விட்டவை அவை. மகனும் மகளும் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள்.

இதனால் செப்பு மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதன் பிறகும் சில நாட்களில் ஆச்சி மயில் போட்ட செப்பைத் தேடுகிறார். வேறு நாட்களில் வெறுங்கையோடு வந்ததைச் சொல்கிறார். ஒரே நாளில் இரண்டையும் சொன்னதும் உண்டு. அவரைத் திருத்துவதில்லை என்று இப்போது எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். செயலி புதிதாக வாக்கியம் அமைப்பதைப் பேரன் நிறுத்திவிட்டான். கேட்டால் பெரியவர் உண்மையில் பேசிய பகுதியை மட்டும் ஒலிக்கும். தொடர்பான பேச்சு இல்லையென்றால் ஒன்றும் ஒலிக்காது. ஒதுக்கிவைத்த நாடாக்களும் சேர்க்கப்பட்டுவிட்டன. ஆச்சி சொல்வதை மகள் ஒரு நோட்டில், தேதியும் யார் என்ன கேட்டதற்குச் சொன்னார் என்பதும் சேர்த்து, எழுதி வருகிறார். செம்புத் தண்ணீர் அதில் முதல் பக்கத்தில் இருக்கிறது. செப்பும், அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு, அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

முடிவாகாமல் நிற்பது ஒன்றுதான். ஆச்சிக்கும் செயலிக்கும் இடையே நடந்த பேச்சுகளின் பதிவு பேரனிடம் உள்ளது. பிற்காலத்தில் யாராவது கேட்டால் பெரியவரே பேசியதாக நம்பிவிடுவார்கள், அழித்துவிடு என்கிறார் மகன். அதில் ஆச்சி பேசியதும் இருக்கிறது, கணவரிடம் கேட்க எண்ணிக் கேட்காமல் விட்ட கேள்விகளை அவர் வேறெங்கும் கேட்டதில்லை என்கிறார் மகனின் மனைவி. மருமகள் சொல்வதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. செயலியின் விடைகளை நீக்கிவிட்டு ஆச்சியின் கேள்விகளை மட்டும் தனியே பிரித்து வைக்க முடியுமா என்று பேரனிடம் கேட்டிருக்கிறேன். முடியும் என்கிறான். அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது எல்லோரிடமும் கேட்டு முடிவெடுப்பதாக இருக்கிறார்கள்.